உரித்துப் போட்ட தாள்கள்

மரப்பலகையில் ஒட்டிய தாளை எப்படிச் சுத்தமாக உரித்தெடுப்பது என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் விடாமல் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். என்னிடம் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் காரைக்குடியில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பசை, டேப், தின்னர், சூடு, சுரண்டுகிற பிளேடு என்று அதில் எனக்கு அப்படி ஒரு கிறுக்கு. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நழுவிவிடுகிறேன். நான் அத்தனை சுத்தமாக உரித்துப் போட்டதெல்லாம் என் மனைவி வரைந்த தாள்கள்.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லென்ஸைத் துடைத்து வை, எடைக்கல்லை விரலால் தொடாதே என்று முப்பது வருடம் மாணவர்களை அதட்டிய வாய் வீட்டில் சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற முதல் மாதமே அடுப்படிக்குள் நுழைந்து டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினேன். அதற்கப்புறம் மூன்று நாள் என் மனைவிக்குச் சீரகம் கிடைக்கவில்லை.

"எதையாச்சும் ஒரு மிஷின வாங்கி வச்சுக்கிட்டு அங்குட்டுப் போயி உக்காருங்க. என் அடுப்படியில வந்து லேப் நடத்தாதீக" என்றாள்.

அவள் கோபத்தில் சொன்னதை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டிருந்த ஸ்க்ரோல் சா மிஷினை வாங்கிக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் வைத்தேன். சின்ன மிஷின்தான். நூல் மாதிரி மெல்லிய வாள் ஒன்று நின்ற இடத்திலேயே மேலும் கீழும் துடித்துக்கொண்டிருக்கும். பலகையை நாம்தான் கையால் திருப்பித் திருப்பி நகர்த்த வேண்டும். எத்தனை சிக்கலான வளைவாக இருந்தாலும் வெட்டலாம். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தையல் மிஷினேதான்! ஊசிக்குப் பதிலா வாளு மாட்டியிருக்கு" என்றாள். இருபத்தைந்து வருடம் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்து, ஆரி வேலை போட்டுக் கொடுத்தவள். அவளுக்கு இதைச் சொல்லும் உரிமை இருந்தது.

இந்த வேலையில் மரத்தின் மேல் நேராகப் படம் வரைந்தால் சரிவராது. கோடு தெளிவாகத் தெரியாது, அழித்தால் அழுக்காகும். அதனால் படத்தைத் தாளில் போட்டு, தாளைப் பலகையில் ஒட்டி, கோட்டின் மேலேயே வாளை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். வெட்டி முடித்ததும் தாளை உரித்துவிட்டு மரத்தைத் தேய்க்க வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி. ஒட்டுவதையும் உரிப்பதையும் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

முதலில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன், சுவரில் போஸ்டர் ஒட்டுவதைப் போல. ஈரத்தில் தாள் உப்பி, நான் ஒட்டிய யானையின் பின்னங்கால் ஒன்று வீங்கிப்போனது. "ஆனைக்கே ஆனைக்காலா?" என்று அவள் நாள் பூராவும் சிரித்தாள். அடுத்து வெள்ளைப் பசை. ஒட்டியது நன்றாகத்தான் ஒட்டியது, உரிக்கத்தான் முடியவில்லை. பிளேடால் சுரண்டினால் தாளோடு மரத்தின் தோலும் வந்தது. தின்னர் ஊற்றி ஊறவைத்தேன். அந்த வாடை சாம்பார் வரைக்கும் ஏறியதால் தடை விழுந்தது. சூடு காட்டினால் பசை இளகும் என்று படித்துவிட்டு இஸ்திரிப்பெட்டியை எடுத்து வைத்துத் தேய்த்தேன். பசை இளகியது உண்மைதான், இளகிப் பெட்டியின் அடியில் ஏறிக்கொண்டது. மறுநாள் அவளுடைய சந்தனக் கலர் புடவையில் பழுப்பாகக் கோடு விழுந்த கதையை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் வழி பிடிபட்டது. பெயிண்டர்கள் கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவார்களே, அந்தக் காகித டேப்பைப் பலகை முழுக்க ஒட்டிவிட வேண்டும். படத் தாளின் பின்புறம் ஸ்ப்ரே பசையை அடித்து அந்த டேப்பின் மேல் ஒட்ட வேண்டும். தேக்கு மாதிரிக் கெட்டியான மரமாக இருந்தால் அதற்கு மேல் கோடு தெரிகிற மாதிரி வழவழப்பான பேக்கிங் டேப் இன்னொரு படை, வாள் சூடேறி மரம் கருகாமல் இருக்க. வெட்டி முடித்ததும் ஒரு முனையை நகத்தால் கிளப்பினால் போதும், டேப்போடு தாளும் சேர்ந்து கையோடு வந்துவிடும். மரத்தில் ஒரு பொட்டுக் காகிதம் இருக்காது. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதெல்லாம் படங்களை நெட்டில் இருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். கழுகு, மான், பனி மூடிய மலையில் ஊசி ஊசியாக மரங்கள். ஒருநாள் அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அந்த மரங்களைக் கூர்ந்து பார்த்தாள். "இந்த மரத்த நம்ம ஊருல எங்குட்டுப் பாத்தீக?" என்று கேட்டுவிட்டு, என் பென்சிலை எடுத்து, நாள்காட்டியில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்தாள். எதிர் வீட்டு ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு முருங்கைக் கிளையை எட்டுகிற ஆடு. வாசலில் தினமும் நடக்கிற கூத்துதான். ஆட்டின் கண்ணைச் சுற்றிக் கோடு போடும்போது ஒரு பக்கத்தில் மட்டும் சின்ன இடைவெளி விட்டாள். அது ஏன் என்று கேட்டேன்.

"சுத்தி முழுசா வெட்டுனா கண்ணு கீழ விழுந்துராதா? ஒரு பக்கம் பிடிமானம் வேணாமா?"

நான் ஒரு மாதமாகக் கண்களையும் மூக்குகளையும் கீழே உதிர்த்துக்கொண்டிருந்தேன். இவள் காப்பி ஆறுவதற்குள் அதைப் புரிந்துகொண்டாள்.

அதில் இருந்து நாலு வருடம் அவள் வரைந்தாள், நான் வெட்டினேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் தூங்கும் பூனை, ரேஷன் கடை வரிசையில் பைகளை மட்டும் நிற்கவைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், வாழைக்கட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர், பஸ் ஜன்னலில் நீளும் கைகள். பழைய சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் எங்கள் பலகைகளை வாங்கி வைத்துக்கொள்வார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவுப் படமும் யானைப் படமும்தான் பிடிக்கும் என்று அவர் அடம் பிடித்தார். முதலில் விற்றது ஆடுதான்.

அந்தத் தாள்களைப் பற்றி இப்போது நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. வெட்ட வேண்டிய கோடுகளைத் தவிர அவள் இன்னும் என்னென்னவோ போட்டிருப்பாள். ஆட்டின் வயிற்றில் லேசாகப் பென்சில் நிழல், பூனையின் முதுகில் மயிர் சிலிர்த்த கோடுகள். வாளுக்கு அவற்றால் பிரயோசனம் இல்லை. ஆனாலும் போடுவாள். வெட்டி எறியப்போகிற இடங்களில் எனக்குக் குறிப்பு எழுதுவாள், பேசுகிற மாதிரியே. "இத மொதல்ல வெட்டுங்க." "இங்குட்டுக் காது, மெதுவா." "வால ஒடிச்சுராதீக, போன தடவ ஒடிச்ச மாதிரி." ஒரு தடவை பஸ் சக்கரத்துக்குக் கீழே, "இத முடிச்சுட்டுச் சாப்பிட வாங்க, ரசம் ஆறுது" என்று எழுதியிருந்தது.

எங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்ள ஒரு சந்தர்ப்பமே வந்ததில்லை. கல்யாணம் ஆன நாளில் இருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம், யார் யாருக்கு எழுதுவது? அவள் எனக்கென்று எழுதியதெல்லாம் அந்தத் தாள்களில்தான். வெட்டி விழுந்த துண்டுகளைச் சாக்கில் அள்ளிக் குளியலறைப் பக்கத்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். நல்ல காய்ந்த மரம், பிரமாதமாக எரியும். அவள் எழுத்தை எரித்த சூட்டில் நாலு வருடம் குளித்திருக்கிறேன். அன்றைக்கு அப்படி ஒரு எண்ணம் தப்பித்தவறிக்கூட வந்ததில்லை.

அவளுக்கு முதலில் இருந்தே அது உறுத்தியது. ஆரி வேலையில் படத்தாளைக் கொல்வதில்லை. கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, தாளைத் துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைத் தடவுவார்கள். துளை வழியாகப் படம் துணியில் இறங்கிவிடும். தாள் அப்படியே இருக்கும், சுருட்டி வைத்துக்கொண்டு பத்து வருடம்கூடப் பயன்படுத்தலாம். அந்தத் தாள்களை எல்லாம், கண் மங்கித் தையலை விட்டபோது, கல்லலில் இருந்து வந்து தொழில் படித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அவை மாங்காயும் மயிலும், ஊரில் எல்லோரிடமும் இருக்கிற டிசைன்கள்.

"ஒரு படத்த வரைஞ்சா வருசக்கணக்கா வச்சிருப்போம். நீங்க ஒரே தரத்துல சோலிய முடிச்சுப்புடுறீக. ஜெராக்ஸ் எடுத்து அத ஒட்டக்கூடாதா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டாள்.

நான் லேப்காரன் ஆயிற்றே, காரணம் சொல்வதற்கா பஞ்சம்? ஜெராக்ஸில் அளவு இம்மி மாறும், கோடு தடிக்கும், ஸ்ப்ரே பட்டால் மை கசியும் என்று அடுக்கினேன். எல்லாம் ஓரளவு உண்மைதான். முழு உண்மை என்னவென்றால், தெருமுனைக் கடைக்கு நடக்கச் சோம்பல். "நீ வரைஞ்சதுதான் மரத்துல இருக்கே, அது பத்தாதா?" என்று முடித்துவிட்டேன்.

இன்னொரு தடவை கேட்டாள். ஒரே ஒரு தடவை.

அமராவதிபுதூரில் அவள் தம்பி புது வீடு கட்டிக் குடிபோகிற சமயம். அவனுக்குக் கொடுக்க ஒரு படம் வரைந்தாள். கல்லல் ரயில் நிலையத்து பெஞ்சில் அவர்களுடைய அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் ஒரு பெரிய பலாப்பழம். ரயில் வர நேரமாகிறது. பலாப்பழத்தைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அம்மா தூங்கிவிழுகிறார்கள். அந்த அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. போட்டோ என்று இருப்பது ஒன்றே ஒன்று, விறைப்பாக நிற்பது. என் மாமியாரின் முகத்தில் தூக்கம் வந்தால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் தொங்கும். அதை நானும் பார்த்திருக்கிறேன். தாளில் அது அப்படியே இருந்தது, பென்சில் நிழலில். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள்.

"இத மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. மரத்த அவன் வச்சுக்கிரட்டும், தாளு எனக்கு வேணும்."

சரி என்றேன். மனதோடுதான் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதில் இருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. அதை நான் மறந்தே போயிருந்தேன். ஜெராக்ஸ் கடை மூடிக் கிடந்தது. அடுத்த நாள் காலை வீடு குடிபோகிறார்கள். கரண்ட் ஐந்து மணிக்கு வந்தால் வெட்டவே மூன்று மணி நேரம் ஆகும், அப்புறம் தேய்க்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும். கரண்ட் வந்த நிமிடத்தில் வெட்ட ஆரம்பிக்க எல்லாவற்றையும் தயாராக வைக்கலாமே என்று டேப்பை ஒட்டினேன். எனக்குக் கை சும்மா இருக்காது. தாளையும் ஒட்டிவிட்டேன்.

ஐந்து மணிக்குக் கடையும் திறந்துதான் இருந்தது. பத்து நிமிட நடை. போய்வந்து அப்புறம் ஒட்டியிருந்தால் அன்றைக்கு எதுவும் குடிமுழுகிப் போயிருக்காது. இதை நான் எத்தனை தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவள் வந்து பார்த்தாள். பலகையில் அவள் அம்மா ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் வழவழப்பான டேப்பும் பளபளவென்று ஒட்டியிருந்தது.

"ஒட்டிப்புட்டீகளா?"

"கரண்ட் இல்ல, கடை இல்ல. நான் என்ன செய்ய?" என்று குரலை உயர்த்தினேன். தப்பு என் பக்கம் இருந்தால் எனக்குக் குரல் தானாக உயரும்.

"சரி, வெட்டுங்க" என்று உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால், உரித்த தாளையாவது பத்திரமாக எடுத்து வைத்திருப்பேன். துண்டு துண்டாக இருந்தாலும் சேர்த்து வைத்திருக்கலாம். கிழியாமல் கையோடு வந்த தாள், அதைக் கசக்கிச் சாக்கில் போட்டேன். போனில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. முடிந்த பலகையை மட்டும் வளைத்து வளைத்து எடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு காலை நேரத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் பார்க்கிறாள், வாய் குழறுகிறது, வலது பக்கத்துக் கையும் காலும் அவளுடையவை இல்லாத மாதிரி கிடக்கின்றன. தெருவுக்கு ஓடிக் கத்தினேன். எதிர் வீட்டுக்காரர் கார் எடுத்தார். மதுரையில் பதினேழு நாள் ஆஸ்பத்திரி. பேச்சு பத்து நாளில் தெளிவாகிவிட்டது. கால் மெல்ல மெல்ல வந்தது. கைதான் வரவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் வந்து ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னாள், டம்ளரைப் பிடிக்கச் சொன்னாள். பென்சிலையும் பிடித்துப் பழகலாம் என்றாள். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பழைய படம் ஒன்றைக் காட்டினால் ஆசை வரும் என்று எனக்குத் தோன்றியது. எடுத்துவந்து காட்டலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது, எடுக்க ஒன்றும் இல்லை என்று. கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டினேன். சாக்கைக் கொட்டினேன். மிஷினின் அடியில், டிரில் பெட்டியில், தேய்க்கிற தாள்களுக்கு நடுவில் எல்லாம் பார்த்தேன். நாலு வருடத்தில் நூற்றுக்கும் மேலே வரைந்திருப்பாள். ஒன்று இல்லை. நான் அத்தனை ஒழுங்கானவன்.

பஸ் ஏறி அமராவதிபுதூர் போனேன். மச்சினன் வீட்டுக் கூடத்தில் அந்தப் பலகை மாட்டியிருந்தது. இறக்கித் தரச் சொல்லி ஜன்னல் பக்கமாகக் கொண்டுபோய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தேன். எங்கேயாவது இடுக்கில், பலாப்பழத்தின் முள்ளுக்கு நடுவில், நகக்கண் அளவாவது அவள் பென்சில் பட்ட தாள் ஒட்டியிருக்காதா என்று. ஒன்றும் இல்லை. அப்படி உரித்திருக்கிறேன், அப்படித் தேய்த்திருக்கிறேன். பெஞ்ச் இருந்தது, மடி இருந்தது, தலை சாய்ந்திருந்தது. தொங்குகிற கன்னம் இல்லை. நிழலை எந்த வாள் வெட்டும்?

"என்ன மச்சான் தேடுறீக?" என்றான் மச்சினன்.

"சும்மாதான் மாப்பிள்ளை, விரிசல் கிரிசல் இருக்கான்னு பாத்தேன்."

"அக்கா வரைஞ்ச தாளு உங்கள்ட்டத்தான இருக்கு? அதுல அம்மா மூஞ்சி இன்னும் நல்லா இருக்கும்ல. ஒருநா வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கிறேன்" என்றான். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள்கூட இல்லை.

வந்து அவளிடம் சொன்னேன். ஒளிக்கத் தெரியவில்லை. "உன் படம் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் தொலைச்சுட்டேன்."

"தெரியுந்தானே. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அவளுக்கு உடம்புக்கு வந்து ஒன்பது மாதம் ஆனபோது அவளே பென்சில் கேட்டாள். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே வேலை பார்ப்பது வழக்கமாகியிருந்தது. மடியில் ஒரு பலகையை வைத்துத் தாளைக் கிளிப்பில் மாட்டிக் கொடுத்தேன். நாலு நாள், தினமும் கொஞ்ச நேரம். எட்டிப் பார்த்தால் இடது கையால் மூடிக்கொள்வாள். ஐந்தாம் நாள் நீட்டினாள்.

நான் இருந்தேன் அதில். மிஷின் முன்னால் குனிந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்க, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. இத்தனை வருடத்தில் ஆட்டை வரைந்தாள், பூனையை வரைந்தாள், என்னை வரைந்ததில்லை. கோடு நடுங்கியிருந்தது. முதுகுக்கோடு ஏறி இறங்கி, ஓர் இடத்தில் நின்று மறுபடி தொடங்கியிருந்தது. மூக்கு இரண்டு தடவை வளைந்திருந்தது. ஆனால் அது நான்தான். யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கடைக்கு ஓடினேன். நாலு ஜெராக்ஸ் எடுத்தேன். போனிலும் எடுத்துக்கொண்டேன். ஒரிஜினலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃபைலில் வைத்து, அலமாரிக்குள் பூட்டினேன். அவள் பார்த்துச் சிரித்தாள். "இந்தக் கோணக் கோட்டுக்கு இம்புட்டுப் பாதுகாப்பா?" ஆனால் சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "வெட்டுங்க, பாப்போம்" என்றாள்.

நல்ல தேக்குப் பலகையாகப் பார்த்து எடுத்தேன். டேப், ஸ்ப்ரே, ஜெராக்ஸ், மேலே வழவழப்பு டேப். எல்லாம் முறைப்படி. பாடம் படித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. வெட்ட ஆரம்பித்தேன்.

முதுகுக்கோட்டுக்கு வந்தேன். கோடு நடுங்கிய இடத்தில் வாளை அப்படியே நடுங்கவைத்துக்கொண்டு போக எனக்குக் கை வரவில்லை. பழக்கமும் இல்லை, மனசும் இல்லை. இதைச் சுவரில் மாட்டினால் வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்? அவள் தினமும் பார்த்துக் குன்றிப்போக மாட்டாளா? கோட்டுக்கு இந்தப் பக்கம் அரை நூல், அந்தப் பக்கம் அரை நூல், அவ்வளவுதான் வித்தியாசம். நிரவிவிட்டேன். முதுகு வில் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. மூக்கை ஒரே வளைவாக்கினேன். விட்டுப்போன இடத்தைச் சேர்த்தேன். தாளை உரித்து, தேய்த்து, எண்ணெய் போட்டபோது, நான் செய்ததிலேயே அதுதான் அழகான வேலை. எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வீட்டம்மாவுக்குக் கை பழையபடி ஆயிருச்சு போலயே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அவள் மடியில் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் இடது கை விரலை முதுகின் ஓரமாக மெதுவாக ஓட்டினாள், தையலைத் தடவிப் பார்க்கிற மாதிரி. மறுபடி ஒரு தடவை ஓட்டினாள்.

"இத நான் வரையலையே" என்றாள்.

"நீ வரைஞ்சதுதான். ஜெராக்ஸ ஒட்டித்தான வெட்டுனேன்?"

"இங்குட்டு எனக்குக் கை நடுங்குச்சு. இங்குட்டுப் பென்சிலு விழுந்துருச்சு, நீங்கதான் எடுத்துக் குடுத்தீக. அப்பறந்தான் மறுபடி ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் வழவழன்னு ஆக்கிப்புட்டீக."

எனக்குக் குரல் உயரவில்லை. "உனக்குப் பாக்கக் கஷ்டமா இருக்குமேன்னு..." என்று இழுத்தேன்.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஒம்போது மாசங்கழிச்சு வரைஞ்சேன்னு நாலு நாளா எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றாள். "உங்களுக்குத்தான் பாக்க முடியல."

அந்த வார்த்தையில் கோபம் இல்லை. அதனால்தான் இன்னும் எனக்குள் கிடக்கிறது. அவள் சொன்னது சரி. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளில் இருந்து நான் அந்தக் கையை நேராகப் பார்த்ததில்லை. சோறு பிசையும்போது தட்டை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். டம்ளர் ஆடினால் ஓடிப்போய்ப் பிடிப்பேன். அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி அன்புதான். மீதி, பார்க்கச் சகிக்காதவனின் அவசரம்.

இரண்டாவது ஜெராக்ஸை எடுத்து இன்னொரு பலகையில் ஒட்டினேன். இந்தத் தடவை கோட்டைவிட்டு மயிரிழை விலகவில்லை. நடுங்கிய இடத்தில் எல்லாம் நடுங்கி, நின்ற இடத்தில் நின்று, மூன்று நாள் வெட்டினேன். என் வாழ்நாளில் அத்தனை கஷ்டமான வெட்டு வெட்டியதில்லை. ஒவ்வொரு நெளிவிலும் அவள் எத்தனை பாடுபட்டிருக்கிறாள் என்று என் விரல்களுக்குத் தெரிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"ம், இதான்" என்றாள். பலகையைத் திருப்பி என்னிடமே கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் பென்சில் கேட்கவில்லை. கையெல்லாம் முன்னைவிடத் தேவலை, அவளே பிசைந்து சாப்பிடுகிறாள், நானும் தட்டை இழுப்பதில்லை. கொட்டகை வாசலில் வந்து உட்காரத்தான் செய்கிறாள், பேசத்தான் செய்கிறாள். தாளை மாட்டிய பலகை என் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. எடுத்து நீட்ட ஒரு நிமிடம் ஆகாது. நீட்டினால் வாங்கிக்கொள்வாளா, வேண்டாம் என்பாளா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. மிஷினை ஓடவிட்டு, யாரோ வரைந்த கழுகை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.